மாடிக் கம்பத்தில் காற்றின் திசை: சில குறிப்புகள்

வீட்டு மாடியில் வானிலை நிலையம் வைத்திருப்பவர்கள் சந்தித்தால் புலம்பல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். வெப்பநிலை நம்பும்படி இருக்கிறது, மழைமானி பரவாயில்லை, காற்றின் திசை மட்டும் தறிகெட்டு ஓடுகிறது. இந்த நிமிடம் கிழக்கு, அடுத்த நிமிடம் வடமேற்கு, அதற்குள் தெற்கு.

இதில் மூன்று ஆட்டங்கள் கலந்து கிடக்கின்றன: கருவியின் ஆட்டம், இடத்தின் ஆட்டம், காற்றின் சொந்த ஆட்டம். முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதைக் குறைக்கலாம். மூன்றாவதை அளக்கத்தான் வேண்டும், அழிக்கக் கூடாது. பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து மென்பொருளில் சராசரி போட்டு மழுப்பினால் கோடு நேராகிவிடும், திசை தப்பாகிவிடும்.

*

உலக வானிலை அமைப்பு சொல்லும் அளவு: திறந்தவெளி, தரையிலிருந்து 10 மீட்டர் உயரம், எந்தத் தடையிலிருந்தும் அதன் உயரத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு தூரம். பக்கத்து அடுக்குமாடி 12 மீட்டர் என்றால் 120 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சென்னைப் புறநகரில் அந்த 120 மீட்டருக்குள் இரண்டு தெரு, ஒரு கல்யாண மண்டபம், நாலைந்து தென்னை வந்துவிடும்.

ஆகவே வீட்டு நிலையம் இந்த அளவில் தேறாது. எந்தப் பக்கத்தில் எவ்வளவு தேறாது என்று கணக்கு வைத்துக்கொள்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது. என் நோட்டில் 16 திசைகளுக்கும் ஒரு பட்டியல் உண்டு: எந்தத் திசையில் என்ன தடை, கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம், உச்சி எவ்வளவு உயரம். கிழக்கும் தென்கிழக்கும் திறப்பு. மேற்கே அடுக்குமாடி. மேற்கிலிருந்து வரும் அளவீடுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

*

சுவரில் மோதும் காற்று மேலே ஏறுகிறது. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் பிய்த்துக்கொண்டு எழும்புகிறது. அதன் கீழே, மாடித் தளத்தை ஒட்டி, சுழி உண்டாகிறது. அந்தச் சுழிக்குள் காற்று பின்னோக்கியே வீசலாம். கடலிலிருந்து கிழக்குக் காற்று நன்றாக அடிக்கும்போது, கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு மாட்டிய காற்றுத் திசைகாட்டி மேற்கு என்று சொன்னால் கருவியின் மேல் பழி போட முடியாது. தான் நிற்கும் இடத்தில் வீசும் காற்றை அது சரியாகத்தான் சொல்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பணம் வேண்டாம். நீளமான மூங்கிலில் அடிக்கு ஒன்றாக ரிப்பன் கட்டி, காற்று நன்றாக வீசும் பிற்பகலில் மாடியில் நிறுத்திப் பார்க்கலாம். கீழே உள்ள ரிப்பன்கள் முறுக்கிக்கொள்ளும், துள்ளும், சில நேரம் எதிர்ப்பக்கம் பறக்கும். ஓர் உயரத்துக்கு மேல் எல்லாம் ஒரே பக்கமாக நீட்டி நிற்கும். திசைகாட்டிக்கு அந்த உயரத்துக்கு மேல்தான் இடம். படிக்கட்டு அறையின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி உயரமான இடம் என்று பலர் அதன் பக்கவாட்டிலேயே கட்டிவிடுகிறார்கள். உருண்டைத் தொட்டி காற்றை இருபுறமும் வளைத்து அனுப்பும். தொட்டிக்கு மேல் இரண்டு மூன்று மீட்டராவது கம்பம் எழும்ப வேண்டும்.

*

கம்பம் செங்குத்தாக இல்லையென்றால் மெல்லிய காற்றில் திசைகாட்டி ஏமாற்றும். வாலும் மூக்கும் சமநிலையில் இல்லாத திசைகாட்டியைச் சாய்ந்த கம்பத்தில் வைத்தால், கனமான முனை பள்ளத்தைத் தேடிப் போய் நிற்கும். அது காற்றின் திசையல்ல, புவியீர்ப்பின் திசை.

சோதனை எளிது. திசைகாட்டியைக் கழற்றி, அதன் அச்சு கிடைமட்டமாக இருக்கும்படி கையில் பிடித்துக்கொண்டு சுற்றிவிட வேண்டும். எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். வால் எப்போதும் கீழே வந்தால் மூக்கில் எடை போதவில்லை.

பைப் நட்ட பிளம்பர் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, “சார், நேராத்தான் இருக்கு” என்றார். “அண்ணே, மறுபக்கமும் ஒருதடவை வெச்சுப் பாருங்க” என்றேன். பக்கவாட்டில் சாய்வு இருந்தது. ரசமட்டத்தைக் கம்பத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால் பாதி உண்மைதான் தெரியும். அதற்குச் செங்கோணமான பக்கத்திலும் வைக்க வேண்டும். ஸ்டே கம்பிகளை முடுக்கும்போதும் பைப் சாயும், ஆகவே கடைசியில் இன்னொரு முறை.

*

ஆட்டத்தைக் குறைக்கத் திசைகாட்டியின் வாலில் எடை ஒட்டும் வழக்கம் உண்டு. வேலைக்கு ஆகாது. எடை கூடினால் நிலைமம் கூடும். திரும்பத் தொடங்கத் தாமதமாகும். திரும்பியபின் நிற்கவும் மாட்டாது, தாண்டிப் போய்த் திரும்பி வரும். தணிப்பு விகிதம் 0.3 உள்ள திசைகாட்டி, காற்று சட்டென்று 60 டிகிரி மாறினால், சேர வேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் 22 டிகிரி போய்விட்டுத்தான் திரும்பும். எடையை ஏற்றினால் இந்தத் தாண்டல் அதிகமாகும். வேண்டியது இலேசான, அகலமான வால், நீளமான கை.

*

வடக்கு எது? கைப்பேசியின் காம்பஸை ஜி.ஐ. பைப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அது பைப்பைத்தான் காட்டும். மாடித் தளத்துக்குள் ஓடும் கம்பியும் அதை இழுக்கும். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு டிகிரிதான், அதை மறந்துவிடலாம். இரும்பு உண்டாக்கும் பிழை அதைவிடப் பல மடங்கு பெரியது.

நிழல்தான் நம்பகம். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்கு. நவம்பர் தொடக்கத்தில் 11.53க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.23 ஆகும். அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டு நூலின் நிழலைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டால் அதுவே வடக்கு தெற்கு. ஆனால் நிழலின் முனை எப்போதும் வடக்கே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் சூரியன் சென்னையின் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டு தேதிகளுக்கு இடையே நண்பகல் நிழல் தெற்கே விழும். மே மாதத்தில் இதைக் கவனிக்காமல் பொருத்தினால் எல்லா அளவீடும் 180 டிகிரி தலைகீழ்.

*

மலிவான திசைகாட்டியின் உள்ளே எட்டு ரீட் ஸ்விட்ச்கள், ஒவ்வொன்றோடும் ஒரு ரெசிஸ்டர். சுழலும் காந்தம் எதன் எதிரே வருகிறதோ அது மூடிக்கொள்ளும். நடுவில் வந்தால் பக்கத்துப் பக்கத்து ஸ்விட்ச் இரண்டும் சேர்ந்து மூடும், அந்த இரண்டு மின்தடைகளும் பக்க இணைப்பில் வரும். இப்படித்தான் எட்டிலிருந்து பதினாறு திசை கிடைக்கிறது. ஆகவே 22.5 டிகிரிக்குக் குறைந்த நுணுக்கத்தை இதனிடம் கேட்க முடியாது. இரண்டு திசைகளின் எல்லையில் காற்று நின்றால் எண் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். உண்மையில் நாலைந்து டிகிரி ஆட்டம், பதிவில் 22.5 டிகிரித் தாவல்.

இந்த மின்தடைகளில் ஒரு வேடிக்கை. பரவலாக விற்கும் ஒரு வகையில் வடக்குக்கு 33 கிலோ ஓம், மேற்குக்கு 120 கிலோ ஓம், தெற்குக்கு 3.9 கிலோ ஓம். கிழக்குக்கு 1,000 ஓம், அதன் வடபக்கத்து அண்டைத் திசைக்கு 891, தென்பக்கத்து அண்டைத் திசைக்கு 688. எண்கள் நெருக்கியடிக்கும் இடம் சரியாகக் கிழக்கு. சென்னைக்குக் கடற்காற்று வரும் வாசலும் அதுதான். வழக்கம்போல் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை மேலே போட்டு 3.3 வோல்ட்டில் படித்தால், கிழக்குக்கும் அதன் வடபக்கத்து அண்டைக்கும் இடைவெளி வெறும் 30 மில்லிவோல்ட். நீளமான வயர், துருப்பிடித்த கனெக்டர், ஈ.எஸ்.பி.32 போன்ற சில்லின் சுமாரான அளவி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், அந்த இடைவெளியை விழுங்க.

இரண்டு மருந்து. ஒன்று, 10 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 கிலோ ஓம். 16 நிலைகளுக்கும் கணக்குப் போட்டால் மிகக் குறுகிய இடைவெளி 53 மில்லிவோல்ட்டாக ஏறுகிறது. மேல் முனையில் கொஞ்சம் நெருக்கம் கூடும், அங்கே இடம் தாராளம். இன்னொன்று, திசைகாட்டியின் அடிப்பாகத்தையே திருப்பி, நெருக்கமான பக்கம் ஊரில் காற்று குறைவாக வீசும் திசையை நோக்கும்படி மாட்டிவிட்டு, திருப்பிய கோணத்தை மென்பொருளில் கூட்டிக்கொள்வது. செலவில்லாத வைத்தியம்.

படித்த மின்னழுத்தம் 16 எதிர்பார்ப்புகளில் எதற்கும் அருகில் இல்லையென்றால், அருகில் இருப்பதோடு ஒட்டவைக்காமல் அந்த அளவீட்டைத் தூக்கிப்போடுவது நல்லது. காந்தம் நகரும் நொடியில் எடுத்த அரைகுறைப் படிப்பாக இருக்கும், அல்லது மழைத்தண்ணீர் கனெக்டரில் இறங்கியிருக்கும்.

*

கையால் செய்ய விருப்பமுள்ளவர்களுக்கு ஏ.எஸ்.5600 என்ற காந்தக் கோண உணரி கிடைக்கிறது. ஒரு சுற்றை 4,096 பங்காகப் பிரிக்கும். ஒரு பங்கு 0.088 டிகிரி. அச்சின் நுனியில் ஒரு சின்னக் காந்தம், எதிரே சில்லு, தொடாமலே வேலை. தேய்மானம் இல்லை, பொட்டென்ஷியோமீட்டரில் வடக்கை ஒட்டி வரும் குருட்டு இடமும் இல்லை. அந்த 0.088ஐப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கம்பத்தைப் பொருத்தியதில் ஐந்து டிகிரி பிழை இருந்தால் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களுக்கு அர்த்தமில்லை.

*

காக்கை. திசைகாட்டியின் மூக்கு அதற்குப் பிடித்த இருக்கை. அது உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் காற்று அசாத்தியமான ஒழுங்கோடு ஒரே திசையில் வீசும். கம்பத்தில் கொஞ்சம் கீழே ஒரு குறுக்குக் குச்சி கட்டிவைத்தால் சில நாள் அதில் உட்காரும், சில நாள் உட்காராது.

சிலந்தி நூலும் கடல் உப்பும் அச்சின் பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை கழற்றித் துடைப்பது நல்லது. கெட்டியான கிரீஸ் தடவ வேண்டாம்; மெல்லிய காற்றில் அது பிரேக் போடும்.

*

கடையில் வாங்கும் நிலையங்கள் பலவும் 16 நொடிக்கு ஒருமுறை திசையை அனுப்புகின்றன. அந்தக் கணத்தில் முள் எங்கே நின்றதோ அது. பத்து நிமிடத்துக்கு 37 எண்கள்தான் கிடைக்கும். பிறகு அதில் கடைசி ஒன்றை மட்டும் எடுத்து வரைபடத்தில் வைத்தால் தாவாமல் என்ன செய்யும்? சொந்தமாகச் செய்த நிலையத்தில் நொடிக்கு ஒருமுறை படித்து, பத்து நிமிடத்துக்கு 600 எண்களிலிருந்து ஒரு திசை எடுக்கலாம். வானிலை நிலையங்களின் வழக்கமும் பத்து நிமிடச் சராசரிதான்.

*

சராசரி என்றதும் கூட்டி வகுக்கக் கூடாது. வடக்கிலிருந்து காற்று: 340, 350, 0, 10, 20. கூட்டினால் 720, ஐந்தால் வகுத்தால் 144. வாடைக்காற்றில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது கணினி தென்கிழக்கு என்கிறது. 360க்கும் 0க்கும் இடையே சுவர் இல்லை என்பது எண்ணுக்குத் தெரியாது.

வழி: ஒவ்வொரு கோணத்துக்கும் சைனும் கொசைனும் எடுத்து, தனித்தனியே சராசரி கண்டு, அந்த இரண்டிலிருந்து கோணத்தை மீட்பது. மேலே உள்ள ஐந்துக்கும் விடை 0, நேர் வடக்கு. ஓடும் சராசரி, அடுக்குச் சராசரி, எந்த மழுப்பல் முறையானாலும் கோணத்தின் மேல் நேராகப் போடாமல் இந்த இரண்டு எண்களின் மேல்தான் போட வேண்டும்.

இதில் இரண்டு வகை. எல்லா அளவீட்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்தால், காற்று அதிக நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். வேகத்தால் பெருக்கிக் கூட்டினால், காற்று மொத்தத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று தெரியும். குப்பைமேட்டுப் புகை எந்தத் தெருவுக்குப் போகும் என்ற கேள்விக்கு இரண்டாவது. இரண்டாவதில் இன்னொரு நன்மை, மெல்லிய காற்றின் அலைச்சல் தானாகவே அமுங்கிப்போகும்.

*

சைன், கொசைன் சராசரிகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0க்கும் 1க்கும் இடையே ஓர் எண் வரும். நோட்டில் அதற்கு ‘உறுதி’ என்று தலைப்பு. எல்லா அளவீடும் ஒரே திசை என்றால் 1. நாலாபுறமும் சமமாகச் சிதறியிருந்தால் 0. இந்த உறுதியிலிருந்து திசையின் சிதறலை டிகிரியில் கண்டுபிடிக்க யமார்ட்டினோ என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு சுருக்கமான வாய்பாடு தந்தார். எண்களைச் சேமித்துவைக்காமல் ஒரே ஓட்டத்தில் கணக்குப் போடலாம், சின்னச் சில்லுக்குத் தோதானது. அதன்படி உறுதி 0.98 என்றால் சிதறல் 11 அல்லது 12 டிகிரி, 0.95 என்றால் 18, 0.9 என்றால் 26.

திசையை மட்டும் எழுதி இதை எழுதாமல் விடும் பதிவு அரைப் பதிவுதான்.

*

ஜூன், ஜூலை பிற்பகல். காலையிலிருந்து மேற்குக் காற்று, வெயில், தூசி. பிற்பகலில் கடற்காற்று கரையேறுகிறது. அரை மணிக்கும் குறைவான நேரத்தில் திசை மேற்கிலிருந்து தென்கிழக்குக்குப் புரள்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் பாதி நேரம் 250, பாதி நேரம் 110 என்று வைத்துக்கொள்வோம். சரியான கணிதத்தோடு சராசரி போட்டாலும் விடை 180. தெற்கு. ஒரு நொடிகூடத் தெற்கிலிருந்து காற்று வரவில்லை.

காட்டிக்கொடுப்பது அந்த உறுதி எண்தான். இங்கே அது 0.34. உறுதி 0.7க்குக் கீழே போனால் என் நிலையம் திசையை எழுதாமல் ‘மாறுகிறது’ என்று எழுதும். அந்தப் பத்து நிமிடத்தில் அதிகம் வந்த இரண்டு திசைகளையும் பக்கத்தில் குறிக்கும். கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான் சென்னையில் கோடைக்கால நாளின் முக்கியமான செய்தி. ஒரு மணி நேரச் சராசரி போட்டு அதை அழகாக்கினால் அந்தச் செய்தி போய்விடும்.

*

இரவு இரண்டு மணி. வரைபடத்தில் திசைக்கோடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கிறது. அதைவிட நிலையான அளவீடு கிடைக்காது. காரணம், காற்றே இல்லை. திசைகாட்டி கடைசியாகத் தள்ளப்பட்ட இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. பொய்களில் இதுதான் பார்க்க நம்பகமானது.

காற்று வேகம் நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே இருந்தால் திசை என்ற இடத்தைக் காலியாக விடுகிறேன். பழைய எண்ணை இழுத்துக்கொண்டு போவதில்லை, 0 என்றும் எழுதுவதில்லை, ஏனென்றால் 0 என்பது வடக்கு. எந்தத் திசையிலிருந்து எவ்வளவு நேரம் காற்று வந்தது என்று காட்டும் காற்றுமலர் வரைபடத்தில் ஒரு திசை மட்டும் காரணமில்லாமல் நீட்டிக்கொண்டு நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த அசையாத இரவுகளை.

*

விமான நிலையங்களின் மெட்டார் அறிக்கையிலும் இந்தப் பக்குவம் உண்டு. திசையைப் பத்துப் பத்து டிகிரியாகத்தான் சொல்வார்கள். வேகம் 3 நாட் (knot) அளவுக்குக் கீழே இருந்து திசை 60 டிகிரிக்கு மேல் அலைந்தால், திசைக்குப் பதில் ‘மாறுபடும்’ என்ற குறி. வேகம் இருந்தும் அலைந்தால், எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம்வரை என்று இரண்டு எல்லையும் எழுதுவார்கள். விமானம் இறக்குகிறவர்களே இவ்வளவுதான் கேட்கிறார்கள். மாடியில் இருப்பவர் 137.4 டிகிரி என்று எழுதத் தேவையில்லை.

*

ஒப்பிட்டுப் பார்க்க மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது. அரை மணிக்கு ஓர் அறிக்கை. ஊர் முழுக்க ஒரே காற்று வீசும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பருவக்காற்று பலமாக இருக்கும் பகல்களும், கடற்காற்று நன்றாக நிலைத்த மாலைகளும் சரியானவை. கடற்காற்று ஏறிவரும் நேரம் உதவாது; கரையோரத்தில் வந்துவிடும், உள்ளே இன்னும் வந்திருக்காது.

வித்தியாசத்தைத் திசைவாரியாகப் பிரித்து எழுதினால் நோய் தெரிந்துவிடும். எல்லாத் திசையிலும் ஒரே அளவு, ஒரே பக்கம் விலகல் என்றால் வடக்கைத் தப்பாகப் பொருத்தியிருக்கிறோம். மென்பொருளில் ஓர் எண்ணைக் கூட்டினால் தீரும். ஒன்றிரண்டு திசையில் மட்டும் விலகல் என்றால் அங்கே ஏதோ கட்டடம் காற்றை வளைக்கிறது. அதற்கு எண்ணைக் கூட்டித் தீர்வில்லை, கம்பத்தை உயர்த்த வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் திசைகள் மட்டும் ஒன்றோடொன்று குழம்பினால் ரெசிஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

*

வெயில் நேரத்தில் சிதறல் அதிகம், இரவில் குறைவு. இது கருவியின் குறை அல்ல. தரை சூடாகிக் காற்று மேலும் கீழுமாகப் புரளும்போது திசையும் 20, 25 டிகிரி அலையும். மேகம் மூடிய, பலமான காற்றுள்ள நாளில் 10 டிகிரி. தெளிந்த இரவில், காற்று கொஞ்சமாவது இருந்தால், 5 அல்லது அதற்கும் கீழே. காற்று மாசு ஆய்வில் வளிமண்டலத்தின் நிலைத்தன்மையை வகைப்படுத்த இந்தச் சிதறலையே பயன்படுத்துகிறார்கள். ஆட்டம் என்று நாம் துடைத்துப்போட நினைக்கும் எண், புகை எவ்வளவு விரைவில் கலைந்துபோகும் என்று சொல்கிறது.

*

புயல். வங்கக் கடலிலிருந்து மேற்கே வரும் புயலுக்குக் கரையில் காத்திருப்பவருக்கு முதலில் வடக்குக் காற்று. மையம் நமக்கு வடக்கே கடந்தால் காற்று வடக்கு, மேற்கு, தெற்கு என்று திரும்பும். தெற்கே கடந்தால் வடக்கு, கிழக்கு, தெற்கு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையை ஒட்டிக் கரையேறியபோது மாடி நிலையம் வைத்திருந்த ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்தப் பக்கமாகத் திரும்புகிறது? அதற்கு ஒரு டிகிரித் துல்லியம் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு நேர்மையான திசை போதும். கரன்ட் போகும் என்பதால் பேட்டரி வேண்டும்.

*

இப்போது ஓடும் ஏற்பாடு, பார்வைக்கு: நொடிக்கு ஒரு படிப்பு. பொருந்தாத மின்னழுத்தம் தள்ளுபடி. திரையில் காட்ட இரண்டு நிமிடச் சராசரி, பதிவுக்குப் பத்து நிமிடம். ஒவ்வொரு பதிவிலும் திசை, உறுதி, சிதறல், சராசரி வேகம், உச்ச வீச்சு. காற்று இல்லையென்றால் காலி. திசை 16இல் ஒன்றாக மட்டும்.

*

புதிதாக வாங்கப்போகிறவர் எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், முதலில் மாடியில் ரிப்பன் கட்டிய மூங்கிலை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறேன். கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் பைப்புக்கும், கிளாம்புக்கும், ஸ்டே கம்பிக்கும், இடிதாங்கிக்கும் மாற்றிவிடலாம். சுழிக்குள் நிற்கும் விலையுயர்ந்த உணரியைவிட, இரண்டு மீட்டர் மேலே நிற்கும் எட்டு ரீட் ஸ்விட்ச் திசைகாட்டி உருப்படியான பதிவைத் தரும். கணக்கெல்லாம் அதற்கப்புறம்தான்.